ஜிபிஏ 3.2 வைத்துக்கொண்டு முதலீட்டு வங்கியில் நுழைய முடியுமா?

கேட்டவர் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். மூன்று செமஸ்டர் முடிந்து ஜிபிஏ, அதாவது 4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி, 3.2. இனிமேல் நன்றாகப் படித்து ஏற்றிவிட்டால் போதாதா என்கிறார்.

முடியும். ஆனால் ஏற்றிவிடலாம் என்ற நம்பிக்கையில் மட்டும் இருக்காதீர்கள்.

நான் முதலீட்டு வங்கியில் அனலிஸ்டாக, அதாவது அங்கே தொடக்க நிலை வேலையில், இருந்தபோது கல்லூரி ரெஸ்யூமேக்களைப் பிரிக்கிற வேலை எங்களைப் போன்ற ஜூனியர்கள் தலையில்தான் விழும். அன்றாட வேலை முடிந்து ராத்திரி உட்கார்ந்து பார்ப்போம். ஒன்றுக்கு அரை நிமிடம் ஒதுக்கினால் அதிகம். கண் முதலில் கல்லூரிப் பெயருக்குப் போகும், அடுத்து ஜிபிஏவுக்கு. 3.5-க்கு மேலே என்றால் மிச்சத்தையும் படிப்போம். அது எழுதிவைத்த சட்டம் இல்லை. குவிந்து கிடப்பதைக் குறைக்க ஒரு கோடு வேண்டும், அவ்வளவுதான். இயற்பியல், இன்ஜினியரிங் மாணவர் என்றால் 3.3-க்கும் கொஞ்சம் விட்டுக்கொடுப்போம். ஜிபிஏ போடாத ரெஸ்யூமேயைக் குறைவு என்றே எடுத்துக்கொள்வோம்.

பலர் கவனிக்காமல் விடுவது காலக் கணக்கைத்தான். பெரிய வங்கிகளில் முழுநேர அனலிஸ்ட் வேலையில் பெரும்பகுதி, மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையில் அங்கே இன்டர்ன்ஷிப் செய்தவர்களுக்கே போகிறது. அந்த இன்டர்ன்ஷிப்புக்கு இப்போதெல்லாம் இரண்டாம் ஆண்டிலேயே ஆள் எடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அப்போது அவர்கள் முன்னால் இருப்பது உங்கள் முதல் சில செமஸ்டர்கள் மட்டுமே. நாலாவது செமஸ்டரில் எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கினாலும் உங்கள் சராசரி 3.4 தான் வரும். அதற்கு அடுத்ததிலும் அப்படியே வாங்கினால்தான் 3.5-ஐத் தாண்டும். அதற்குள் பெரிய வங்கிகளின் இடங்கள் பெரும்பாலும் நிரம்பியிருக்கும். முதல் செமஸ்டரில் இருக்கும் தம்பி தங்கைகள் இதைப் படித்தால் தயவுசெய்து இந்தக் கணக்கை மனதில் வையுங்கள்.

சரி, உங்களுக்கு என்ன வழி? குவியலிலிருந்து உங்கள் ரெஸ்யூமேயை எடுத்து "இந்தப் பையனோடு பேசிப் பாருங்கள்" என்று சொல்ல உள்ளே ஓர் ஆள் வேண்டும். உங்கள் கல்லூரியில் படித்து இப்போது வங்கியில் இருக்கும் சீனியர்களுக்கு எழுதுங்கள், பதினைந்து நிமிடம் பேச நேரம் கேளுங்கள். வேலை கேட்காதீர்கள், அவர்கள் வேலையைப் பற்றிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை எழுதலாம், தப்பில்லை.

இன்டர்வியூ வரை வந்துவிட்டால் ஜிபிஏவின் பிடி தளர்ந்துவிடும். அங்கே கேட்பது வேறு. "தேய்மானம் 10 டாலர் கூடினால் மூன்று நிதி அறிக்கைகளிலும் என்ன மாறும்?" என்பார்கள். வரி 25 சதவீதம் என்றால் நிகர லாபம் 7.5 டாலர் குறையும், கையிருப்புப் பணம் 2.5 டாலர் கூடும். ஏன் கூடுகிறது என்று தடுமாறாமல் விளக்குகிற 3.2 மாணவரைத்தான் நான் எடுப்பேன், விழிக்கிற 3.9-ஐ அல்ல.

பூட்டிக் வங்கிகள் எனப்படும் சிறிய முதலீட்டு வங்கிகள் தாமதமாக ஆள் எடுக்கும், அவற்றை விடாதீர்கள். அப்புறம் இன்னொன்று: 3.46-ஐ 3.5 என்று போடுவதை யாரும் குறை சொல்வதில்லை. 3.2-ஐ 3.4 ஆக்காதீர்கள். சேரும் முன் ட்ரான்ஸ்கிரிப்ட் (கல்லூரி தரும் மதிப்பெண் பட்டியல்) கேட்பார்கள், பொய் தெரிந்தால் கொடுத்த ஆஃபரையும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். மேஜர் (முதன்மைப் படிப்பு) பாடங்களில் மட்டும் சராசரி கூடுதலாக இருந்தால் அதை மேஜர் ஜிபிஏ என்று தனியாகப் போடுங்கள், பக்கத்திலேயே மொத்த ஜிபிஏவும் இருக்கட்டும்.