வாசகர் கேள்விகள்: உதிரும் ஏடுகளும் தங்கசாலை அச்சும்

கேள்வி: எங்கள் தெரு வாசகசாலையில் 1920களின் அரசிதழ்த் தொகுதிகளும் நகரசபை நிர்வாக அறிக்கைகளும் இரண்டு பீரோ நிறைய இருக்கின்றன. பக்கத்தைப் புரட்டினால் மூலை கையோடு வந்துவிடுகிறது. கைப்பேசியில் படமெடுத்துவிட்டால் போதும் என்கிறார்கள் இளைஞர்கள். பக்கங்களைச் சிறிதாக்கிப் படச்சுருளில் பதிக்கும் மைக்ரோஃபிலிம்தான் நிலைக்கும் என்கிறார் எங்கள் மூத்த உறுப்பினர். யார் சொல்வதைக் கேட்பது?
(பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்)

பதில்: மூலை ஏன் உடைகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றது எளிது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காகிதம் பெரும்பாலும் கந்தல் துணியிலிருந்து செய்யப்பட்டது. அதன்பின் மரக்கூழ் வந்தது. மை ஊறாமலிருக்க அதனுடன் படிகாரமும் ரோசின் என்ற மரப்பிசினும் சேர்த்தார்கள். படிகாரத்திலிருந்து பிறக்கும் அமிலம் காகிதத்தின் நாரை உள்ளிருந்தே அறுக்கிறது. அதனால்தான் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலுள்ள கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துத் தாள் இன்னும் மடங்கும்போது, அதைவிட இருநூறு ஆண்டு இளைய உங்கள் அரசிதழ் அப்பளம்போல் நொறுங்குகிறது. நம் பக்கத்துக் கடற்காற்றின் ஈரமும் வெயிலும் இதை விரைவுபடுத்துகின்றன. தாளின் மூலையை முன்னும் பின்னும் மடித்து, எத்தனையாவது மடிப்பில் உடைகிறது என்று பார்ப்பது நூலகர்களின் வழக்கமான சோதனை. அதை நீங்கள் செய்ய வேண்டாம், விடை ஏற்கெனவே கையில் வந்துவிட்டது.

மூத்தவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பாலியஸ்டர் சுருளில் வெள்ளி உப்புப் பூச்சு கொண்ட 35 மி.மீ. மைக்ரோஃபிலிமை முறைப்படி கழுவி, குளிரில், ஈரமில்லாமல் வைத்தால் 500 ஆண்டு நிற்கும் என்பது அத்துறையின் தரக்கணக்கு. அதைப் படிக்க வெளிச்சமும் ஒரு லென்ஸும் போதும். கைப்பேசிப் படத்துக்கோ வட்டும் மென்பொருளும் வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறக்காமல் புதிய வட்டுக்கு மாற்றிவைக்கும் ஓர் ஆளும் வேண்டும். வாசகசாலைச் செயலாளர் மாறினால் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் அந்த 500 ஆண்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு: அறையின் வெப்பம் 21 டிகிரியைத் தாண்டக் கூடாது, ஈரப்பதமும் 50 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும். வண்ணாரப்பேட்டையில் இதற்கு இரவும் பகலும் ஏ.சி. ஓட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், பெயர் சொல்ல விரும்பாத ஓர் அலுவலகத்தில் நான் கேட்ட சுருளின் தகர டப்பாவைத் திறந்தபோது, ஊறுகாய் ஜாடியைத் திறந்ததுபோல் காடி நெடி மூக்கில் ஏறியது. அது பாலியஸ்டர் அல்ல, அசிடேட் என்ற பழைய வகை பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிம். ஈரத்திலும் வெப்பத்திலும் சிதைந்து, ஓரம் அலை அலையாக நெளிந்து, ரீடரில் ஏற்றவே முடியாமல் போயிருந்தது. பக்கத்து டப்பாக்களுக்கும் அந்த நெடி பரவத் தொடங்கியிருந்தது என்பதுதான் இன்னும் வருத்தம்.

ஆகவே மூல நெகட்டிவை உங்கள் பீரோவில் வைக்காதீர்கள். ஒழுங்காக நடக்கும் இடங்களில் மூன்று சுருள்கள் இருக்கும்: யாரும் தொடாத மூல நெகட்டிவ் ஒன்று, படியெடுப்பதற்கு ஒன்று, வாசகர் கையில் தேய்வதற்கு ஒன்று. உங்களுக்கு மூன்றாவதே போதும். அதற்கும் முன், உங்களிடம் உள்ளவற்றில் எவை எழும்பூர் காப்பகத்திலோ கன்னிமாரா நூலகத்திலோ இருக்கின்றன என்று பட்டியல் போட்டுப் பாருங்கள். அரசிதழ் பெரும்பாலும் வேறெங்காவது இருக்கும். நகரசபை அறிக்கைகளில் சில உங்களிடம் மட்டுமே இருக்கக்கூடும், காசும் உழைப்பும் முதலில் அவற்றுக்குப் போகட்டும். இளைஞர்களையும் விட்டுவிடாதீர்கள். கேமராவைத் தாங்கியில் நிறுத்தி, ஃபிளாஷ் இல்லாமல், வெற்றுப் பக்கத்தையும் விடாமல் வரிசையாக எடுத்த படங்களிலிருந்து பின்னர் ஃபிலிமும் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் ஊரைப் பற்றிக் கம்பெனி காலத்துப் பதிவுகளில் படிக்க, கையெழுத்துப் பிரதிகளைத்தான் நாட வேண்டுமா?
(காலடிப்பேட்டை ஆய்வு மாணவி)

பதில்: தொடக்கத்திலேயே வேண்டாம். புனித ஜார்ஜ் கோட்டை ஆலோசனைக் குழுவின் நாட்குறிப்புகளை, 1672 முதல் 1678 வரையிலான தொகுதியில் தொடங்கி, 1910 முதல் அரசே அச்சிட்டு வெளியிட்டது. அச்சிட்ட அரசு அச்சகம் தங்கசாலைத் தெருவில், பழைய நாணயச்சாலைக் கட்டடத்தில் இயங்கியது. நாணயம் அடித்த இடத்தில் கவர்னர்களின் வாசகங்கள் ஈய எழுத்தில் கோக்கப்பட்டன என்பது நம் வடசென்னைக்காரர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளக் கூடிய செய்தி.

உங்கள் ஊருக்குப் பெயர் தந்த ஜோசப் காலட் 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்தவர். நெசவாளர்களைக் குடியேற்றிய காலட் பேட்டைதான் காலடிப்பேட்டை ஆயிற்று. எனவே அந்த ஆண்டுகளின் தொகுதிகளிலிருந்து தொடங்குங்கள். திருவொற்றியூர், சாத்தாங்காடு, கத்திவாக்கம், வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் ஆகிய ஐந்து ஊர்களும் 1708இல் கம்பெனிக்குக் கிடைத்தவை என்பதால் அவற்றின் பெயர்களிலும் தேடுங்கள். ஆனால் இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் ஒன்றும் அகப்படாது. வெள்ளைக்காரக் குமாஸ்தாவின் காதில் திருவொற்றியூர் ‘டிரிவடோர்’ ஆகவும் நுங்கம்பாக்கம் ‘லுங்கம்பாக்கா’ ஆகவும் விழுந்திருக்கிறது. பொருளடைவை மட்டும் நம்பாமல், சில மாதங்களின் பதிவுகளையாவது வரிவரியாகப் படித்தால் இந்த உருவங்கள் பழகிவிடும்.

கையால் எழுத்துக் கோத்த பதிப்பில் பிழை இருக்கவே செய்யும். உங்கள் வாதமே ஒரு தொகையின்மீதோ ஒரு பெயரின்மீதோ நிற்குமானால், அந்த ஓர் இடத்துக்காவது எழும்பூரில் மூலத்தைக் கேட்டுப் பாருங்கள். கம்பெனி அந்நாளிலேயே லண்டனுக்கு அனுப்பிய படிகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. கறையான் இங்கே தின்ற பக்கம் அங்கே பிழைத்திருக்க வாய்ப்புண்டு.

கேள்வி: 1950களில் வெளியான ஓர் அரசு அறிக்கையை நாங்களே மறுபதிப்புச் செய்ய அனுமதி வேண்டுமா?
(ராயபுரம் வாசகர்)

பதில்: வேண்டாம். அரசு வெளியீடுகளுக்குப் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள், அது முடிந்துவிட்டது. புதிதாக டைப் செய்யாமல் பழைய பக்கத்தையே படியாக அச்சிடுங்கள், அட்டவணை எண்களில் பிழை நுழையாது. காகிதம் அமிலமில்லாததாக இருக்கட்டும். இல்லையென்றால் உங்கள் பேரப்பிள்ளைகள் இதே கேள்வியை எனக்குப் பின்வருபவரிடம் கேட்பார்கள்.

கேள்வி: படம்பிடித்த பின் மூலத்தைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடலாமா? இடம் இல்லை.
(பெரம்பூர் வாசகி)

பதில்: கூடாது. கறுப்பு வெள்ளைச் சுருளில் சிவப்பு மையும் நீலப் பென்சிலும் ஒன்றுபோலவே தெரியும். எந்தக் குறிப்பை எந்த அதிகாரி எழுதினார் என்பது அந்த நிறத்தில்தான் இருக்கும். அலுவலகக் கோப்பானால் அதை அழிக்கும் முடிவு உங்களுடையதுமில்லை. நம் மாவட்ட அலுவலக நடைமுறையில் கோப்பை முடிக்கும்போது இடும் குறியே அதை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதைச் சொல்லும்: எல்.டிஸ். என்றால் ஓராண்டு, கே.டிஸ். மூன்று, டி.டிஸ். பத்து ஆண்டு, ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். இனாம் நிலங்களின் உரிமையை விசாரிக்க 1858இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகளுக்கு நகல் கேட்டு இன்றும் நில வழக்குக்காரர்கள் எழும்பூருக்கு வருகிறார்கள். நகலில் ஐயம் எழுந்தால் மூலத்தைத்தானே எடுத்துப் பார்க்க வேண்டும்? இடந்தான் சிக்கல் என்றால், ரப்பர் பேண்டை எடுத்துவிட்டுப் பருத்தி நாடாவால் கட்டி, தரையிலிருந்து அரை அடி உயர்த்தி, வெளிச்சுவரை ஒட்டாமல் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.