அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், தம்பி

இங்கிலாந்தின் பான்பரிக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது, ஆபீஸில் எல்லோரும் ஆகஸ்டில் பக்கத்துக் கிராமமான க்ரோப்ரெடியில் நடக்கும் இசைவிழாவுக்குக் கூப்பிடுகிறார்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவைத் தனியாக விட முடியாது, குடித்துவிட்டு ஆட்டம் போடும் இளவட்டக் கூட்டமாக இருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் நானும் இந்தப் பயத்தோடுதான் போனேன். போய்ப் பார்த்தால் அங்கே நான்தான் சின்னப் பையன். பாதித் தலை நரை, மீதி வழுக்கை!

மேடையிலும் அப்படித்தான். விழாவை நடத்தும் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் 1967இல் லண்டனில் தொடங்கிய குழு. 1979 ஆகஸ்டில் "இதோடு போதும்" என்று இந்தக் கிராமத்து வயலில்தான் கடைசிக் கச்சேரி வாசித்து விடைபெற்றார்கள். மறுவருஷமே திரும்பி வந்தார்கள். அதற்கப்புறம் விடைபெறுகிற பேச்சே இல்லை. 2013இல் ஆலிஸ் கூப்பர், 2018இல் பிரையன் வில்சன் என்று பெரிய ராக் தலைகளும் இந்த வயலுக்கு வந்து பாடியிருக்கிறார்கள்.

இவர்கள் வாசிப்பது நாட்டுப்புறக் கதைப்பாட்டு. ஆனால் மின்கிதாரும் டிரம்ஸும் வைத்து. 'மேட்டி க்ரோவ்ஸ்' என்று ஒன்று பாடுவார்கள். பிரபுவின் மனைவி வேறொருவனோடு இருக்கிறாள், வேலைக்காரன் ஓடிப்போய்ச் சொல்கிறான், பிரபு வந்து இருவரையும் வெட்டிப் போடுகிறான். கதையை அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இது அந்நியமே இல்லை. வார்த்தை புரியாவிட்டாலும் பிடில் வேகம் எடுக்கும் இடத்தில் வெட்டு விழப்போகிறது என்று அவருக்கே தெரிந்துவிடும்.

பீர் ஓடும், மறைக்கவில்லை. மத்தியானமே ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் நான் ஒரு சண்டையும் பார்த்ததில்லை. நீங்கள் குடிக்காவிட்டால் யாரும் வற்புறுத்தப்போவதில்லை.

மேடை ஒன்றே ஒன்று என்பதால் அலைச்சல் கிடையாது. மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் ராத்திரிவரை அதுதான் உங்கள் வீடு. அம்மாவுக்காக ஓரமாக இடம் பிடியுங்கள், கழிப்பறைக்குப் போய்வர வசதி. கால் மரத்துப்போனால் கிராமத்துக்குள் கால்வாய்க் கரையில் நடந்து, வரிசையாகக் கட்டியிருக்கும் படகுகளைப் பார்த்துவிட்டு வரலாம். ஆகஸ்டுதானே என்று ஸ்வெட்டரை விட்டுவிடாதீர்கள். ரப்பர் பூட்ஸ் கட்டாயம். முதல் வருஷம் ஆபீஸ் ஷூவோடு போனேன், ஒரு மழையில் வயல் நாற்றங்கால் ஆகிவிட்டது. அதில் ஒரு ஷூ இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

மூன்று நாளும் முடியாதென்றால் சனிக்கிழமையாவது போங்கள். இடையில் எழுந்து வந்துவிடாதீர்கள். கடைசிப் பாட்டு 'மீட் ஆன் தி லெட்ஜ்', 1968இல் வெளிவந்தது. எழுதியவர் அப்போது குழுவில் கிதார் வாசித்த ரிச்சர்ட் தாம்சன், அவருக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. அடுத்த வருஷமே குழுவின் டிரம்மர் சாலை விபத்தில் போய்விட்டார். பாட்டின் பொருள் அதோடு மாறிவிட்டது என்று எனக்குத் தோன்றும். வயல் முழுக்க எழுந்து நின்று பாடும்.

அந்த முதல் வருஷம் பக்கத்தில் ஒரு பெரியவர். மூன்று நாளும் என்னிடம் மழையைப் பற்றி மட்டும்தான் பேசினார். இரண்டு நாற்காலி கொண்டுவந்து ஒன்றில் பையை வைத்திருந்தார். அந்தப் பாட்டு தொடங்கியதும் பையை எடுத்துப் புல்லில் வைத்துவிட்டு, காலி நாற்காலியின் முதுகில் கை வைத்தபடி பாடினார்.

முடிந்ததும் கார்கள் லேசில் நகராது. ஃபிளாஸ்க்கில் காபி இருக்கட்டும்.