கானும் காலும்

அன்புள்ள ஐயா,

பேராதனையில் விலங்கியல் முடித்துவிட்டேன். தொற்றுநோய்ச் சூழலியலில் பட்டப்பின் படிப்புக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் கணிதம், நீரியல், மானிடவியல் எல்லாம் சேர்த்துப் படிக்க வேண்டுமாம். எதிலும் ஆழமில்லாமல் போய்விடுவேனோ? சனங்களிடம் கதை கேட்பதெல்லாம் ஆராய்ச்சியா? நுண்ணுயிரியல் மட்டும் படித்தால் இங்கே வேலையாவது கிடைக்கும்.

வாசகி, மஸ்கெலியா

அன்புள்ள மகள்,

வேலை விஷயத்தை உங்கள் விரிவுரையாளர்களிடம் கேளுங்கள். நீரியல் எதற்கென்றால், இலங்கையில் 1934-35இல் பரவிய மலேரியாவைப் படியுங்கள். மழை பொய்த்து, ஆறுகள் குட்டைகுட்டையாகத் தேங்கி, அதில் நுளம்பு பெருகி ஏறக்குறைய 80,000 பேர் செத்தார்கள்.

‘கதை கேட்பது’ என்று எழுதினீர்களே, அதுதான் இரண்டு நாளாக என்னை விடவில்லை.

மாத்தளைப் பக்கம் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டம். மழைக்காலத்தில் அம்மா மலையிலிருந்து வந்ததும் அடுப்படியில் உட்கார்ந்து, கால்விரல் இடுக்கில் சூட்டுச் சாம்பல் வைத்துத் தேய்ப்பார். சேறு கடித்துவிட்டது என்பார். கொக்கிப்புழு தோலைத் துளைத்து நுழைந்த இடம் அது. குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். உள்ளங்கை வாழைத்தண்டாய் வெளுத்திருக்கும். தோட்டத்து மருந்துக்காரர் பூச்சி மருந்து கொடுப்பார். கொஞ்ச நாள் முகம் தெளியும். அடுத்த மழைக்குள் பழையபடி.

மருந்தில் பழுதில்லை. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பன்னிரண்டு காம்பரா அறைகளுக்கு இரண்டு கக்கூஸ், ஒன்றுக்குக் கதவில்லை. விடியுமுன் பெண்கள் தேயிலைக்குள்ளே, வடிகால் கானோரம் போவார்கள். மலத்தோடு விழும் புழுமுட்டை நிழலும் ஈரமுமான மண்ணில் ஓரிரு நாளில் பொரிக்கும். ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சு தோலைத் துளைக்கத் தயார். ஒரு மலையில் கொழுந்தெடுத்தால் திரும்ப அங்கே வரவும் ஏழெட்டு நாள்தான். வெறுங்காலோடு அதே தேயிலை நிரை. புழுவின் கணக்கும் கொழுந்தின் கணக்கும் ஒன்றாக இருந்ததை எந்த நுண்ணோக்கியில் பார்ப்பீர்கள்? முட்டை தெரியும். கதவில்லாதது தெரியாது. 1910களிலேயே ராக்பெல்லர் மன்றம் என்ற அமெரிக்க அறக்கட்டளையின் ஆட்கள் தோட்டம் தோட்டமாக வந்து இந்தப் புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள். கக்கூஸ் கட்டாத இடத்தில் குணமானவர்களுக்கே மறுபடி வந்தது.

லயத்தில் பிறந்த பிள்ளை இப்படிக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். உங்கள் அம்மாயி சொல்வது கதை, ஆய்வுகூடத்தில் வருவது மட்டும் அறிவா? ஆழம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

விடியற்காலையில் எங்கே போகிறாய் என்று அம்மாவிடம் மருந்துக்காரர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பயணத்துக்கு முன் ஒருமுறை வீட்டுக்கு வாருங்கள். கணிதத்துக்குப் பயப்படாதீர்கள், பழகிவிடும்.