எதிராளி சும்மா நிற்க மாட்டார்: வாசகர் கேள்வி பதில்

(தற்காப்புக் கலைப் பயிற்சி பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறோம்.)

கேள்வி: சில வருடங்களாகப் பழகுகிறேன், கட்டா (முன்கூட்டியே வகுத்த அசைவு வரிசை) எல்லாம் அத்துப்படி. ஆனால் எங்கள் வகுப்பில் ஸ்பாரிங்கே (இருவர் நேருக்கு நேர் மோதிப் பழகுவது) கிடையாது. கேட்டால், "நம்ம அடி உயிரை வாங்குற அடி, அதை ஆள் மேல போட்டுப் பழக முடியாது" என்கிறார் மாஸ்டர். சரிதானா?

பதில்: பாதி சரி. கண்ணில் குத்துவதையும் தொண்டையில் வெட்டுவதையும் கூடப் படிப்பவர் மீது பழக முடியாதுதான். ஆனால் அந்தக் குத்து கண்ணுக்குப் போய்ச் சேர வேண்டுமே! அதற்கு நீங்கள் எதிராளியின் கைக்கு எட்டும் தூரத்துக்குள் போகணும், அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார், தள்ளுவார், திருப்பி அடிப்பார், இதற்கு நடுவில் சரியான கணத்தைப் பிடிக்கணும். தூரமும் நேரமும்தான் இதில் முக்கால்வாசி வேலை. இரண்டுமே உங்களை ஜெயிக்க நினைக்கிற ஒருவர் எதிரில் இருந்தால்தான் வரும்.

இந்தச் சிக்கலும் புதிதல்ல. 1882-இல் டோக்கியோவில் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையைக் கற்றவர். அவர் அடி, உதை போன்றவற்றைக் கட்டாவுக்கு ஒதுக்கிவிட்டார். தூக்கி எறிவது, அமுக்கிப் பிடிப்பது என்று, முரண்டு பிடிக்கும் ஆள் மீதே தினமும் போட்டுப் பார்க்கக்கூடியவற்றை ‘ரந்தோரி’ என்ற பெயரில் ஜூடோ பயிற்சியின் மையத்தில் வைத்தார். இதனால் ஒரு வேடிக்கை நடந்தது: ஆபத்து குறைந்த நுட்பங்களை நிஜமாகப் பழகியவர், உயிரை வாங்கும் நுட்பங்களைக் கற்பனையில் பழகியவரைவிட ஆபத்தான ஆளாகிவிட்டார். இவ்வளவு ஏன், 18-ஆம் நூற்றாண்டிலேயே ஜப்பானிய வாள்வீரர்கள் மூங்கில் வாளும் கவசமும் வைத்துக்கொண்டு நிஜமாக அடித்துப் பழக ஆரம்பித்துவிட்டார்கள். இன்றைய கெண்டோ வாள் பயிற்சி அதிலிருந்து வந்ததுதான். வாளுக்கே வழி கிடைத்திருக்கிறது, கைக்குக் கிடைக்காதா?

கட்டாவை விடச் சொல்லவில்லை. அது மட்டும் போதும் என்பவரை நம்பாதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: பேட் (எதிரில் ஒருவர் கையில் பிடிக்கும் மெத்தை) அடிக்கும்போது எல்லா காம்பினேஷனும் (அடுத்தடுத்து விடும் அடி வரிசை) அழகாக வருகிறது. ஸ்பாரிங்கில் இறங்கினால் கண்ணை மூடிக்கொள்கிறேன், மூச்சு வாங்குகிறது, எல்லாம் மறந்துவிடுகிறது. எனக்கு இது ஒத்துவராதா?

பதில்: உங்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் இப்படித்தான் ஆரம்பிக்கும். பேட் பிடிப்பவர் எப்போது, எங்கே அடிக்க வேண்டும் என்பதை நமக்காக முடிவு செய்து நீட்டிவிடுகிறார். ஸ்பாரிங்கில் அந்த முடிவு உங்கள் தலையில் விழுகிறது. அதோடு அடி வரும் என்ற பயமும் சேர்ந்தால் கை கால் ஓடாதுதான்.

ஒரேயடியாக முழு ஸ்பாரிங்கில் குதிக்காதீர்கள். இரண்டு நிமிடச் சுற்று ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், எதிரில் இருப்பவர் ஜாப் (முன்னால் இருக்கும் கையால் விடும் நேர்க் குத்து) மட்டும் அடிக்கட்டும், அதுவும் தொட்டுவிட்டு எடுக்கிற அளவு பலத்தில். நீங்கள் திருப்பி அடிக்கவே வேண்டாம். தட்டிவிடுவது, தலையை விலக்குவது, ஒரு அடி பின்வாங்குவது, இது மட்டும். அவர் தாளம் மாற்றி, ஏமாற்றி, இஷ்டப்பட்ட நேரத்தில் அடிக்க வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு அடித்தால் பயனில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது அவர் கையுறையை அல்ல, மார்புப் பக்கம். தோள் அசைவது அங்கேதான் முதலில் தெரியும். ஜாப் வரும்போது மூச்சை ‘ஸ்ஸ்’ என்று விடுங்கள், பாதி இறுக்கம் அதிலேயே போய்விடும். முகத்தில் நாலு தட்டு வாங்கினாலும் கண் திறந்தே இருக்கிறது என்று ஆன பிறகு, அடுத்த சுற்றில் நீங்களும் ஒரு ஜாப் சேர்த்துக்கொள்ளலாம், அப்புறம் ஒரு உதை. இப்படி ஒவ்வொன்றாகச் சேருங்கள். மெதுவாக நடக்கிறதே என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: தெருச் சண்டைக்கு ரூல் கிடையாது. ரூல் போட்டு ஸ்பாரிங் செய்து என்ன பயன்?

பதில்: 1993 நவம்பர் 12 அன்று டென்வரில் முதல் யூஎஃப்சி (பல கலை வீரர்கள் மோதும் போட்டி) நடந்தபோது, கடிப்பதும் கண்ணைத் தோண்டுவதும் தவிர ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அனுமதி. எடைப் பிரிவே இல்லை. சுமார் 80 கிலோ எடையுள்ள ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை வென்றார். அவர் பழகியது பிரேசிலிய ஜியு-ஜிட்சு, கோடோகானில் பயின்ற மிட்சுயோ மயேதா பிரேசிலுக்குக் கொண்டுபோன கலையிலிருந்து வளர்ந்தது, தினமும் தரையில் நிஜமாக மல்லுக்கட்டும் ‘ரோலிங்’தான் அதன் அடிப்படையே. ரூலோடு பழகியவர்தான் ரூல் இல்லாத இடத்திலும் நின்றார்.

ஆனால் கத்தி, நாலைந்து பேர், இருட்டு, இதற்கெல்லாம் ஸ்பாரிங் பதில் சொல்லாது. அங்கே ஓடுவதுதான் உத்தி.

கேள்வி: ஸ்பாரிங் முடிந்த மறுநாளும் தலைவலி, வெளிச்சம் பார்த்தால் எரிச்சல். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான், பழகிடும்" என்கிறார் மாஸ்டர்.

பதில்: பழகாது. உடனே டாக்டரைப் பாருங்கள். இவை மூளை அதிர்ச்சியின் அறிகுறியாக இருக்கலாம். அது ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சரி சொல்லும்வரை தலைக்கு அடி வரும் எதிலும் இறங்காதீர்கள்.

1928-லேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் குத்துச்சண்டை வீரர்களின் மூளைப் பாதிப்பு பற்றி எழுதினார். பயிற்சிக்காக ஆள் நின்று தினமும் அடி வாங்கும் இரண்டாம்தர வீரர்களையும் அதில் குறிப்பிட்டிருக்கிறார். அதாவது மேடை ஏறாமலேயே கெட்டுப்போகலாம். நிஜமான ஸ்பாரிங் என்றால் எதிராளி நிஜமாக எதிர்க்க வேண்டும் என்றுதான் பொருள், மண்டையைப் பிளக்க வேண்டும் என்றல்ல. அடிக்கடி மேடை ஏறும் தாய்லாந்து முவே தாய் வீரர்களே பயிற்சியில் விளையாட்டு போலத்தான் தொட்டுக்கொள்கிறார்கள்.

கேள்வி: ஹெட்கார்டு (தலைக்கவசம்) போட்டால் போதாதா?

பதில்: போதாது. வெட்டு, வீக்கம் குறையும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது நிறுத்தாது.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. ஸ்பாரிங் செய்ய விடலாமா?

பதில்: தலைக்கு அடி இல்லாத வகை என்றால் தாராளமாக. ஜூடோ, மல்யுத்தம் மாதிரி கட்டிப்பிடித்துப் புரளும் கலைகளில் முதலில் விழக் கற்றுக்கொடுப்பார்கள், அப்புறம் சம எடையுள்ள பிள்ளையோடு முழு மூச்சாக மோதலாம். ‘போதும்’ என்று கையால் தட்டினால் எதிராளி உடனே விட வேண்டும் என்பது அங்கே சட்டம், அதை அந்த வகுப்பில் கறாராகப் பார்க்கிறார்களா என்று ஒரு நாள் உட்கார்ந்து கவனித்துவிட்டுச் சேருங்கள்.

கேள்வி: ஒரு சீனியர் "லைட்டா போகலாம் தம்பி" என்று சொல்லிவிட்டு முழு பலத்தில் அடிக்கிறார். எப்படிச் சொல்வது?

பதில்: சுற்றின் நடுவிலேயே நிறுத்தி "அண்ணா, கொஞ்சம் குறைங்க" என்று சொல்லுங்கள். பல பேருக்குத் தன் அடி எவ்வளவு கனம் என்றே தெரியாது. தான் கொடுத்தது லேசாகவும் வாங்கியது பலமாகவும் தோன்றும், இரண்டு பேரும் அப்படியே ஏற்றிக்கொண்டே போவார்கள். அப்போது உங்கள் பலத்தையும் குறைத்துப் பாருங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் மாஸ்டரிடம் சொல்லுங்கள், அந்த சீனியரோடு ஜோடி சேராதீர்கள். மாஸ்டரும் சிரித்து மழுப்பினால் வேறு வகுப்பு பார்க்க வேண்டியதுதான்.