மகள் படிப்புக்கு எதிரே ‘பார்க்கலாம்’ என்று எழுதலாமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் மீன் வாங்கி விற்கிறேன். கணவர் விசைப்படகில் போகிறார். மகள் ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளி. இப்போது பிளஸ் டூ பாஸ். என்ஜினீயரிங் படிக்க ஆசைப்படுகிறாள். மகன் தனியார் பள்ளியில் ஒன்பதாவது. கையில் 6 லட்சம் ரூபாயும் 12 பவுனும் இருக்கின்றன. “பொண்ணை ஏதாவது ஒரு டிகிரியில் போடு, பணத்தைப் பையனுக்கும் இவ கல்யாணத்துக்கும் வை” என்கிறார் மாமியார். கணக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் நோட்டுத் தாளைப் பார்த்தேன். மகன் படிப்பு 3 லட்சம், மகள் கல்யாணம் 3 லட்சம். மகள் படிப்புக்கு எதிரே தொகையே இல்லை, ‘பார்க்கலாம்’ என்று மட்டும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தாளிலேயே செலவு குறைந்த வரி அதுதான்!

ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு என்ஜினீயரிங் கலந்தாய்வில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டிவிடும். அதோடு புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். நான்கு வருஷத்துக்கு 48,000. மகன் தனியார் பள்ளி என்பதால் அவனுக்கு இந்தச் சலுகைகள் கிடைக்காது. ஆக, வீட்டில் செலவு வைக்கப்போவது பையன்தான். இதை மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கலந்தாய்வு வழியாக வந்தால்தான் இந்த ஒதுக்கீடு. “சீட் வாங்கித் தருகிறேன், அட்வான்ஸ் கொடுங்கள்” என்று வருகிறவரிடம் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்; மேனேஜ்மென்ட் சீட்டுக்கு இது பொருந்தாது. பஸ் ஏறினால் புதுச்சேரி பக்கம்தானே என்று அங்கே சேர்த்துவிடவும் வேண்டாம், அது வேறு ஆட்சி. பண்ருட்டியிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. அதையும் விருப்பப் பட்டியலில் போடச் சொல்லுங்கள்.

இனி அந்த 6 லட்சம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காலேஜ் சேரும் நேரமும் அதையொட்டியே வருகிறது. அதனால் ஒன்றரை லட்சத்தை வீட்டுச் செலவுக்கென்று தனியாக வையுங்கள், இல்லாவிட்டால் நகை அடகுக்குப் போகும். லேப்டாப், போக்குவரத்து, புத்தகம் என்று மகளுக்கு ஒரு லட்சம். மீதி மூன்றரை லட்சம் மகனுக்கு. அவன் காலேஜ் போக இன்னும் வருஷங்கள் இருக்கின்றன, தபால் அலுவலக டெபாசிட்டில் போடலாம். ஒதுக்கீட்டில் இடம் அமையாவிட்டாலும் பயப்பட வேண்டாம். 7.5 லட்சம் வரை கல்விக் கடனுக்குச் சொத்து ஜாமீன் தேவையில்லை. படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தவணை.

கல்யாணத்துக்கு 12 பவுன் இருக்கிறதே, போதும். இப்போதே புது நகை வாங்கினால் செய்கூலியும் சேதாரமும்தான் நஷ்டம். (என் அக்காவைப் பத்தாவதோடு நிறுத்தி, மிச்சமான பணத்தில் வளையல் வாங்கினார்கள். அந்த வளையல் பாதி நாள் அடகுக்கடையில்தான் இருந்தது.)

சரி, இந்த வாரமே பள்ளிக்குப் போய் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றை வாங்குங்கள். ஆதாரிலும் பாஸ்புக்கிலும் மகள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இனிஷியல் மாறியிருந்தால் அந்த ஆயிரம் ரூபாய் வருவது இழுத்துக்கொண்டே போகும்.