திக்கும் படமும் மின்னல் குறியும்

கேள்வி: றாஸ்பெரி பை 3 என்ற சின்னக் கணினியில் 'கோடி' (Kodi) என்ற படம் ஓட்டும் மென்பொருளைப் போட்டு ரீவியில் படம் பார்க்கிறோம். பழைய கோப்புகள் நன்றாக ஓடுகின்றன. புதிதாக வந்த சில மட்டும் திக்குகின்றன; சத்தம் முன்னே, வாயசைவு பின்னே. பெட்டி பழுதா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: பழுதில்லை, தங்கச்சி. திக்குகிறவை பெரும்பாலும் எச்.265 முறையில் சுருக்கிய கோப்புகளாக இருக்கும். எச்.264 ஐ விரிக்க பை 3 இன் சிப்பில் தனி மின்சுற்று உண்டு, 265க்கு இல்லை. அதனால் முழுச் சுமையும் பிராசஸரின் தலையில். படம் ஓடும்போது கீபோர்டில் ஆங்கில 'ஓ' (O) எழுத்தை அழுத்துங்கள், எந்த முறை என்று திரையே சொல்லும்.

2019 இல் வந்த பை 4 இல் அந்தச் சுற்று இருக்கிறது. ஆனால் நாலைந்து படத்துக்காகப் புதுப் பெட்டி வாங்கச் சொல்ல எனக்கு மனமில்லை. லப்டொப்பில் ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற வீடியோ மாற்றும் மென்பொருளைப் போட்டு இரவில் 264க்கு மாற்ற விடுங்கள். கல்லடியில் எங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவை அப்படித்தான் மாற்றினேன். விடிய எழும்பிப் பார்த்தால் பாதிதான் முடிந்திருந்தது!

சரி, திரை மூலையில் மஞ்சள் மின்னல் குறி வருகிறதா? அது மின்சாரம் போதாததன் அடையாளம். நானும் பழைய போன் சார்ஜரை மாட்டிவிட்டு, ஹாட் டிஸ்க்தான் செத்துவிட்டது என்று இரண்டு நாள் அலைந்தவன். பை 3க்கு 2.5 அம்பியர் அடப்டர் வேண்டும்.