புதிதாகச் சர்க்கரை வந்த அப்பாவுக்கு சிஏ 19-9 பரிசோதனை எடுக்கலாமா?

58 வயதான அப்பாவுக்குப் போன மாதம் சர்க்கரை நோய் தெரிந்ததாகவும், கணையப் புற்றுநோயா என்று பார்க்க சிஏ 19-9 என்ற இரத்தப் பரிசோதனை எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். என் பெரியப்பாவைக் கணையப் புற்றுக்குப் பறிகொடுத்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அந்த ஒரு பரிசோதனையை நம்ப வேண்டாம். பித்தக்குழாயில் கல் அடைத்தாலும் கணைய அழற்சி வந்தாலும் சிஏ 19-9 ஏறும். லூயிஸ் இரத்த வகைக் கூறு இல்லாத, நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கோ, புற்று முற்றினாலும் அது ஏறுவதில்லை. அமெரிக்காவில்கூட ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ 13 பேருக்குத்தான் இந்நோய் வருகிறது என்பதால், நோயற்றவர்களில் நூற்றுக்கு ஒருவரை மட்டுமே தவறாகக் காட்டும் நல்ல பரிசோதனையை எல்லோருக்கும் செய்தாலும், அந்தப் பதின்மூவரைத் தேடுவதற்குள் ஆயிரம் பேரை வீணாகக் கலங்கடித்துவிடுவோம்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் கட்டி கைக்குத் தட்டுப்படாது. ஆனால் நோய் ஒரே நாளில் முளைப்பதுமில்லை: கட்டிகளின் மரபணுப் பிறழ்வுகளைக் கொண்டு 2010இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் பிறழ்விலிருந்து புற்றுச் செல் உருவாகப் பத்தாண்டும், அது பரவும் திறன் பெற மேலும் ஐந்தாண்டுமாவது ஆகும் என்று கணக்கிட்டது. குடும்பத்தில் பலருக்கு இந்நோய் இருந்தாலோ பிஆர்சிஏ2 போன்ற மரபணுப் பிறழ்வு இருந்தாலோ, ஆண்டுதோறும் எம்ஆர்ஐ அல்லது எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்ட் எடுத்து இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ள முயல்கிறார்கள்.

மற்றவர்களுக்குக் கிடைத்திருக்கும் துப்பு, நீங்கள் பயப்படும் அந்தச் சர்க்கரைதான். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் சுரேஷ் சாரியின் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வந்தவர்களில் மூன்றாண்டுக்குள் கணையப் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் 0.85 சதவீதம், இது வழக்கத்தைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு. என்றாலும், அதே கணக்கில் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் இந்நோய் இல்லை என்பதையும் பாருங்கள்.

பிரித்தறிய உதவுவது எடை. வழக்கமான சர்க்கரை பெரும்பாலும் எடை கூடியவர்களுக்கு வரும். கணையப் புற்றால் வரும் சர்க்கரையிலோ, சர்க்கரை ஏற ஏற உடல் இளைக்கும். பெரியப்பாவுக்கு 61 வயதில் சர்க்கரை வந்து, ஆறு மாதத்தில் பெல்ட்டில் இரண்டு புதுத் துளை போட வேண்டியிருந்தபோது, சோற்றைக் குறைத்ததன் பலன் என்று நாங்கள் பாராட்டிக்கொண்டிருந்தோம். காமாலை கண்டு ஸ்கேன் எடுத்தபோது கல்லீரலுக்குப் பரவியிருந்தது.

ஆகவே, அப்பாவின் ஓராண்டுக்கு முந்தைய எடை பழைய மருத்துவச் சீட்டுகளில் இருக்கிறதா என்று தேடுங்கள். அவர் முயலாமலே எடை குறைந்திருந்தால், அந்த எண்களை மருத்துவரிடம் காட்டி, கணையத்துக்கென எடுக்கும் கான்ட்ராஸ்ட் (இரத்தக் குழாயில் மருந்து ஏற்றி எடுக்கும்) சிடி ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்.